எடுக்கவா, அண்ணே?

முந்தல் ஊரைத் தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் மெக்கானிக் பெத்துராஜ் ஜீப்பை நிறுத்தச் சொன்னான். காலை ஒன்பது மணி. ஆடிக் காற்று புளியமரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. மேகம் இறங்கி மூடியிருந்தது.

"ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துர்றேன் சுருளி" என்று இறங்கினான்.

மேல்சோலை எஸ்டேட்டின் ஜீப்பு அது. யுத்தத்தில் மிச்சப்பட்டு ஏலத்தில் வந்த பச்சை வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் கடந்த ஒன்பது மாதமாக மலையேறும்போது கிளச்சு வழுக்கியது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது. போடியில் இரண்டு பேர் கிளச்சுப் பிளேட்டை மாற்றிப் பார்த்தார்கள். மதுரையிலிருந்து ஒருவர் வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, கும்பிடு போட்டுப் போய்விட்டார். கடைசியில் டிரைவர் சுருளி, பெத்துராஜின் ஷெட்டுக்கே வந்து நின்றுவிட்டான். ஒன்பது மாதமாக இந்த ஜீப்பு தெருவில் வந்தாலே ஷெட்டின் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறவன் பெத்துராஜ். அன்று பின்வாசலில், அதே ஜீப்பில் வேலை பார்க்கும் மருதாயி நின்றுகொண்டிருந்தாள். தப்ப வழியில்லை.

கிளச்சுப் பெடலை அழுத்தினான். ஓரங்குலம் சும்மா போய், பிறகு கனம் தட்டியது. அளவு சரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, டாப் கியரைப் போட்டு, எஞ்சினை முறுக்கியபடி பெடலை மெல்ல விட்டான். வழுக்குகிற கிளச்சாக இருந்தால் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இது ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. அப்படி ஒரு பிடி. வண்டிக்கு அடியில் புகுந்து, கிளச்சு மூடியின் அடித்துளையில் விரல் விட்டுப் பார்த்தான். சொட்டு எண்ணெய் இல்லை.

"நல்லாத்தானப்பா இருக்கு."

"இங்க நல்லாத்தாண்ணே இருக்கும்" என்றான் சுருளி. "ஏழாம் வளைவுக்கு வாங்க."

பெத்துராஜ் ஏறி உட்கார்ந்தான். பின்னால் மருதாயி மடியில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாதையில் அது ஒரு வேலை. ஆளும் மூட்டையுமாக ஏறும் ஜீப்பு வளைவில் திணறி நின்றுவிட்டால் பிரேக்கை நம்ப முடியாது. டிரைவர் "போடு!" என்று கத்துவான். கல் வைத்திருக்கிற ஆள் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட வேண்டும். போட்டதும் "போட்டாச்சுண்ணே" என்று குரல் கொடுக்க வேண்டும். எஞ்சினை முறுக்கிக் கிளச்சு பிடித்துக்கொண்டதும் டிரைவர் "எடு!" என்பான். எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். இரண்டே இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் அத்தனை பேர் உயிரும் மேலே போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் வளைவில் வேறொரு எஸ்டேட் ஜீப்பு திணறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கல்லோடு குதிக்க, அந்த டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"வெரசாப் போடு புள்ள! செல்லக்கிளி கணக்கா நின்னு வேடிக்க பாக்காத!"

வண்டிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

செல்லக்கிளி மருதாயியின் தங்கை. போன ஐப்பசியில் ஏழாம் வளைவில் இதே ஜீப்பு பின்னால் உருண்டு அவளை மலைச்சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. கல்லைப் போடச் சொல்லியும் பராக்குப் பார்த்து நின்றாள், நேரத்துக்குப் போடவில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு. செத்து ஒரு மாதம் ஆவதற்குள் அவள் பெயரே மந்தம் பிடித்தவளைத் திட்டுகிற சொல்லாகிவிட்டது. மருதாயி கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, தங்கை பார்த்த அதே வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கல் போடத் தெரியும் என்று காட்ட வேண்டும் என்றாளாம்.

அன்றைக்கு வண்டியை ஓட்டியவன் பெத்துராஜ். சுருளிக்குக் காய்ச்சல். பழுது பார்த்தவனே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வரட்டும் என்றார்கள். ஏழாம் வளைவில் சுமை குறைய மற்றவர்கள் இறங்கிக் குறுக்குப் பாதையில் நடந்துவிட்டதால், நடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. அவள் நேரத்துக்குக் கல் போடவில்லை என்று சொன்னது அவன் ஒருவன்தான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது.

வண்டிச் சத்தத்துக்குப் பெத்துராஜ் காது வைத்தால் பழுது தப்பாது என்பார்கள் போடியில். அந்தக் காதில்தான் அந்தச் சிரிப்பும் விழுந்தது. திரும்பி மருதாயியைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

ஐந்தாம் வளைவில் மேகத்துக்குள் நுழைந்தார்கள். பகல் அணைந்தது போலாகிவிட்டது. பாதையோரத்துக் கற்கள் மட்டும் ஒவ்வொன்றாக வெள்ளையாக வந்து பின்னால் போயின. சாரல் முகத்தில் ஒட்டியது. எங்கோ மேலே ஏலக்காய் காய வைக்கிற புகையின் வாசம்.

ஆறாம் வளைவில் அந்த வாசம் நின்றுபோனது.

பிறகு வேறொரு வாசம் வந்தது. கிளச்சு கருகுகிற வாசம். அதோடு, மழையில் நனைந்த செங்கல்லின் வாசம்.

பெத்துராஜுக்கு அந்த வாசம் தெரியும்.

ஏழாம் வளைவின் பாதியில் எஞ்சின் ஓலமிட்டது. வண்டி நின்றுவிட்டது. நின்று, மெல்லப் பின்னால் சரியத் தொடங்கியது.

சுருளி "போடு" என்று கத்தவே இல்லை.

டக்.

கல் விழுந்து சக்கரத்தில் முட்டுகிற சத்தம். வண்டி நின்றது.

"போட்டாச்சுண்ணே."

பெண் குரல். பின்னால், மேகத்துக்குள்ளிருந்து.

"நல்ல நேரத்துல போட்ட, மருதாயி" என்று மூச்சை விட்டபடி திரும்பினான் பெத்துராஜ்.

மருதாயி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கல் அவள் மடியில் இருந்தது.

"நான் எறங்கலையே" என்றாள்.

சுருளி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினான். "ஒம்போது மாசமா இப்படித்தாண்ணே. இந்த வளைவுல மட்டும் வழுக்கும். யாரும் கல்லு போட வேண்டிய சோலி இல்ல. அதுவா விழும். கொஞ்ச நேரங்கழிச்சு கிளச்சும் அதுவா பிடிச்சுக்கும்."

"கொரலு?"

"கொரலா? என்ன கொரலுண்ணே?"

பெத்துராஜ் இறங்கிப் பின்பக்கம் போனான். இடது சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். கருங்கல், ஒரு பக்கம் பாசி. அதை அவனுக்குத் தெரியும். செல்லக்கிளி வேறு எந்தக் கல்லையும் தொடமாட்டாள். இது என் கைக்கு அமைஞ்ச கல்லுண்ணே என்று அன்று காலை அவனிடம் காட்டிச் சிரித்தாள்.

மேகம் கையெட்டும் தூரத்தில் திரையாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ குந்தியிருப்பது போல ஒரு மூச்சு.

"அண்ணே."

அவன் அசையவில்லை.

"எடுக்கவா, அண்ணே?"

அன்றைக்கும் இப்படித்தான் கேட்டாள். யாருக்கும் தெரியாதது அதுதான். செல்லக்கிளி கல்லை நேரத்துக்குப் போட்டாள். வண்டி அசையாமல் நின்றது. அவன் எஞ்சினை முறுக்கினான். பெடலில் லேசாக ஒரு பிடி தட்டியது. "எடு" என்றான். அவள் எடுக்கவில்லை. கல் வேலை செய்து பழகியவள். சக்கரம் கல்லின் மேல் இன்னும் சாய்ந்துதான் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "எடுக்கவா, அண்ணே?" என்று மறுபடி கேட்டாள். கிளச்சைப் பற்றி ஒரு கல் போடுகிற பெண் தன்னிடம் கேள்வி கேட்பதா என்று அவனுக்குச் சுருக்கென்றது. "எடுன்னா எடு! எனக்குத் தெரியாததா?" என்று கத்தினான்.

எடுத்தாள்.

பெத்துராஜ் நினைவு கலைந்து பார்த்தபோது மேகம் மட்டும்தான் இருந்தது. வண்டிக்கு அடியில் புகுந்து, கிளச்சு மூடியின் துளையில் மறுபடி விரல் விட்டான். கீழே முந்தலில் சுத்தமாக வந்த விரல், இப்போது சிவப்பாக வந்தது. ஈரச் செங்கல் பொடி.

அந்தப் பொடியைப் போட்டதும் அவன்தான். போன ஐப்பசியில் எஞ்சின் எண்ணெய் கசிந்து பிளேட்டு ஊறிப்போயிருந்தது. கியர்பாக்ஸை இறக்கி, சீல் மாற்றி, புதுப் பிளேட்டுப் போட இரண்டு நாள் ஆகும். எஸ்டேட்டில் அவசரம் என்றார்கள். முடியாது என்று சொன்னால் பேர் கெட்டுவிடும். செங்கல்லை இடித்துச் சலித்து ஒரு கை அள்ளித் துளை வழியாக உள்ளே கொட்டினான். பொடி எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிடிக்கும். சூடேறினால் வழுக்கும். தெரிந்துதான் கொட்டினான்.

வெளியே வந்து சிவந்த விரலை வேட்டியில் துடைத்தான். மருதாயி இறங்கி எதிரே நின்றாள்.

"என்னண்ணே அது?"

இனி மறைக்க முடியாது என்று நினைத்தான். கொஞ்சமாவது சொல்லிவிட்டால் இந்த இடத்தை விட்டுப் போய்விடலாம் என்றும் நினைத்தான்.

"செங்கப்பொடி. அன்னைக்கு நான் கொட்டுனது. பிளேட்டுல எண்ணெய். மாத்தாம ஒப்பேத்திட்டேன். தப்பு எம்மேலதான் மருதாயி."

அவள் முகம் மாறவில்லை. "அவ கல்லப் போட்டாளா இல்லையா?"

"போட்டா."

"போட்டவ எப்படிண்ணே செத்தா?"

சொல்லியிருக்கலாம். சொல் தொண்டை வரை வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"கல்லு... நழுவிருச்சு" என்றான்.

மேகத்துக்குள் ஏதோ மெல்ல எழுந்து நடந்து போகிற சத்தம் கேட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். சக்கரத்துக்கு அடியில் கல் இல்லை. வண்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அன்று மலையேற வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார்கள். ஜீப்பு ஸ்டாண்டில் சுருளி செய்தியைப் போட்டுவிட்டான். பெத்துராஜே வாயால தப்ப ஒத்துக்கிட்டாரப்பா, செல்லக்கிளி கல்லப் போட்டிருக்கா, அது நழுவியிருக்கு என்று. ஆச்சரியம், யாரும் அவனைத் திட்டவில்லை. "பெரிய மனசுய்யா ஒமக்கு" என்று ஒரு டிரைவர் தோளில் தட்டினான். அந்தத் தட்டு அவனுக்கு அடியைவிட வலித்தது. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினான். நல்ல வெயில். எதிர்க் கடையில் சுருளியும் மருதாயியும் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறவர்களின் சத்தம். பயப்பட அங்கே ஒன்றுமில்லை.

ஷெட்டின் தரை தெருவைப் பார்த்துச் சரிவு. ஜீப்பின் மூக்கை உள்பக்கமாக விட்டு, பின்சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, அடியில் மல்லாந்து படுத்தான். தலை பின்னச்சுப் பக்கம். போல்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை மெல்ல நெஞ்சருகே இறக்கி வைத்தான். இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸோடு சேர்ந்தது. அதை இறக்கிவிட்டால் கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை. கட்டைதான் எல்லாம்.

பிளேட்டு புத்தம் புதிதாக இருந்தது. காய்ந்த, சுத்தமான பிளேட்டு. ஒரு துளி பொடிகூட இல்லை. விரலால் சுற்றித் தடவினான். இல்லை.

அப்போதுதான் தலையைச் சாய்த்து வெளியே பார்த்தான்.

மரக்கட்டை தெருவோரத்தில், வெயிலில் கிடந்தது.

கட்டை அங்கே என்றால் சக்கரத்தை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? வண்டி உருண்டால் முன்னச்சு அவன் நெஞ்சின் மேல் ஏறும். ஒதுங்கவும் இடமில்லை, ஒரு பக்கம் கியர்பாக்ஸ், மறுபக்கம் கழற்றிப் போட்ட இரும்புச் சாமான்கள்.

செங்கல்லின் ஈர வாசம் வந்தது. அந்த வெயிலில், முழங்கைப் பக்கம் குளிர்ந்தது.

மெல்லக் கையைத் தலைக்குப் பின்னால் நீட்டித் துழாவினான். சக்கரத்தின் அடியில் கல். ஒரு பக்கம் பாசி வழுவழுத்தது. நகராமல் இருக்க, கிரீஸ் அப்பிய கையால் அதைச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்தினான்.

அதே கல்லை, அந்தப் பக்கமிருந்து, இன்னொரு கை பிடித்துக்கொண்டிருந்தது.

சில்லென்ற கை.

"அண்ணே" என்றது காதருகே. கோபம் எதுவும் இல்லை அந்தக் குரலில். சொன்ன சொல் கேட்டு வேலை செய்கிற பெண்ணின் குரல்.

"எடுக்கவா, அண்ணே?"

"எடுக்காத!" என்று அலறினான் பெத்துராஜ். "எடுக்காத தாயி, எடுக்காத!"

ஒன்பது மாதத்துக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டிய சொல். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. தெருவில் பேச்சுச் சத்தம் நின்றது. அவன் நிறுத்தவில்லை.

"எல்லாரும் கேளுங்க! கல்லு நழுவல! நாந்தான் எடுக்கச் சொன்னேன்! எடுக்கவாண்ணே, எடுக்கவாண்ணேன்னு கேட்டா. கிளச்சு பிடிக்கலன்னு எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எடுன்னா எடுன்னு நாந்தான் கத்துனேன். அவ சரியாப் போட்டா. நாஞ்சொன்னதுக்குத்தான் எடுத்தா. நான் பொய் சொன்னேன். ஒம்போது மாசமா பொய் சொன்னேன்!"

சுருளியும் மூட்டை தூக்குகிறவர்களும் ஓடிவந்து காலைப் பிடித்து அவனை வெளியே இழுத்தார்கள். முதுகெல்லாம் தோல் உரிந்து, எண்ணெயும் கண்ணீருமாக அவன் தரையில் உட்கார்ந்தான். ஸ்டாண்டு டிரைவர்கள் வட்டமாக நின்றார்கள். நேற்றுத் தோளில் தட்டியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாராவது திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கட்ட வெளிய கெடக்கு" என்றான் சுருளி மெல்ல. "வண்டி எப்படிண்ணே நிக்குது?"

மருதாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெத்துராஜை அவள் பார்க்கவே இல்லை. நேராகப் பின்சக்கரத்தருகே போய்க் குந்தினாள். அந்தக் கல்லைப் பார்த்தாள். தொடவில்லை.

பிறகு, தூங்குகிற பிள்ளையிடம் பேசுவது போலச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுட்டாங்கடி செல்லக்கிளி. நீ எடுத்துக்க."

கல் தரையில் உரசுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஜீப்பு மெல்ல நகர்ந்தது. ஆளில்லாமல் சரிவில் உருண்டு, விலகி நின்றவர்கள் நடுவே தெருவைக் கடந்து, எதிர்க் கடையை ஒட்டிய மண்மேட்டில் முட்டி நின்றது. சக்கரம் நின்ற இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. அந்த வெயிலிலும் அது மாலை வரை காயவில்லை. கல்லைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் பெத்துராஜ் சுருளியோடு மலையேறினான். எஸ்டேட்டுப் பெண்கள் முன்னாலும் ஒரு தடவை உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. வழியில் எந்த டிரைவரும் செல்லக்கிளி பெயரைச் சொல்லித் திட்டவில்லை. மூன்றாம் வளைவில் திணறிய ஜீப்பின் டிரைவர், "எடுக்கலாமா புள்ள?" என்று தன் கல்லுக்காரியிடம் கேட்டதைப் பெத்துராஜ் தன் காதால் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

ஏழாம் வளைவில் கிளச்சு வழுக்கவில்லை. ஆனாலும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான்.

பாதையோரத்துச் சுவரின் மேல் அந்தக் கல் இருந்தது. அதன் ஒரு பக்கத்தில், கிரீஸில், ஐந்து விரல் பதிந்திருந்தது. தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது.

கல்லைத் திருப்பினான்.

மறுபக்கத்திலும் ஐந்து விரல். சிறிய, மெல்லிய விரல்கள். ஈரச் செங்கல் பொடியின் சிவப்பு.

மலை மேல் மூன்று நாளாக விடாமல் சாரல் பெய்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்பு கரையவில்லை.